தகரக் கூரைமேல் போன கம்பி

தலாத்தா இந்த வளவுக்கு மணப்பெண்ணாக வந்தபோது இரண்டு கினிக்கோழிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள். அவற்றிலிருந்து பெருகிய கூட்டம்தான் புருஷன் போன பிறகும் அவளுக்குச் சோறு போட்டது. பொல்காட்டாங்கா ஊர்ச் சந்தையில் முட்டைக்காரி என்றால் அவள்தான். இந்த வருஷம் மழை ஓய்ந்ததும் ஒரு நோய் வந்து அத்தனையையும் வாரிக்கொண்டு போனது. ஓரகத்தி அபோகாவின் கோழிகளும் தப்பவில்லை. மிஞ்சியது இருவரும் சேர்த்து வைத்திருந்த ஒரு கூடை முட்டை. அடைகாக்க ஒரு பெட்டைகூட இல்லை.

ரேடியோ பழுதுபார்க்கும் கொழுந்தன் அட்டாங்கா, குஞ்சு பொரிக்கும் மின்சாரப் பெட்டி ஒன்றைச் செய்து கொடுத்தான். மின்சாரம் முற்றத்துக்கு அந்தப் பக்கம் அவன் கடையில் மட்டும்தான். அங்கே இடமில்லாததால் முட்டைப் பெட்டி இவள் வீட்டில், சூட்டை அளந்து கட்டுப்படுத்தும் கருவி அவன் கடையில். பெட்டியைச் சூடாக்கும் கரண்டும் அங்கிருந்தே ஒரு கம்பியில் வந்தது. முட்டைகளுக்கு நடுவே வைத்த, சூட்டை உணரும் முனையிலிருந்து மெல்லிய செம்புக்கம்பி தகரக் கூரைமேல் நீளமாக ஓடிக் கடைக்குப் போனது. கூரை கொதிக்கும் உச்சிவெயிலில், இரவல் வெப்பமானியோடு ஒத்துப்போகும்வரை கருவியைத் திருகிவிட்டு, பெரிய எஞ்சினியர் மாதிரி கையைத் தட்டிக்கொண்டான்.

பிறகு பாலைவனப் புழுதியை வாரிவரும் ஹர்மட்டான் காற்று இறங்கியது. பகலில் வெயில், விடியலில் உதடு வெடிக்கும் குளிர். தினமும் விடியலில் தண்ணீருக்குப் போய்விடும் தலாத்தா, ஒரு நாள் புழுதிக்குப் பயந்து வீட்டிலேயே இருந்தாள். சும்மா இருக்காமல் பெட்டியைத் திறந்து ஒரு முட்டையை எடுத்துச் சூடு பார்க்கக் கண்ணிமையில் வைத்தாள். சுட்டது. அலறிக்கொண்டே கடைக்கு ஓடினாள்.

"பாருங்க அண்ணி, கருவி சரியாத்தானே காட்டுது!"

"கருவியைக் கொண்டுபோய் அடுப்புல போடு! முட்டை வேகுதுடா!"

அவன் கூரைமேல் ஏறிக் கம்பியைத் தொட்டான். ஜில்லென்று இருந்தது. அவன் முகம் செத்துப்போனது.

"அண்ணி... கம்பி சூடானா கரண்டு போறது கஷ்டம், குளிர்ந்தா சுலபம். அந்தக் கஷ்டத்தை வச்சுத்தான் கருவி சூட்டைக் கணக்குப் போடுது. மத்தியானம் காஞ்ச கம்பிக்கு அளவு வச்சேன். விடியக்குளிர்ல கம்பி ஜில்லுன்னு ஆனதும் கருவி, முட்டைதான் ஆறிப்போச்சுன்னு நெனச்சு சூட்டை ஏத்தியிருக்கு. தெனமும்."

"தெனமுமா?" என்றாள் தலாத்தா. வீட்டுக்கு ஓடி, பெட்டியிலிருந்த முட்டைகளைக் கூடையில் எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள்.

பொரிக்கும் நாள் நெருங்கிய முட்டையை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டால், உயிர் இருப்பது அசையும். அபோகா சுரைக்குடுவையில் தண்ணீர் கொண்டுவந்தாள். ஒவ்வொன்றாக விட்டார்கள். ஒவ்வொன்றும் சும்மா மிதந்தது. அபோகா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

கூடையின் அடியில் கிடந்த ஒரு முட்டை மட்டும் தண்ணீரில் மெல்ல நடுங்கியது.

"ஒன்னை வச்சு என்னடி பண்றது?" அபோகாவின் குரல் உடைந்தது. "பொட்டையோ சேவலோ, ஒத்தையா வளந்து யாரோட சேரும்?"

தலாத்தா முட்டையைத் துடைத்து ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டு, இரு கைகளாலும் நெஞ்சைப் பொத்திக்கொண்டாள்.

"எனக்கு வேணும்க்கா," என்றாள்.