தங்கமாரி தோண்டிய எர்த் குழி

நான் சொல்வதை அப்படியே எழுதிக்கொள். உப்பையும் கரியையும் அவள் புதைத்தது உண்மைதான். இல்லை என்று யார் சொன்னது? கரியைக் கொடுத்ததே நான். இஸ்திரிப் பெட்டிக்கு வைத்திருந்ததில் ஒரு கூடை. செய்வினை வைக்கிறவள் வீட்டுக்காரியிடமே போய்க் கரி கேட்பாளா? எதிர்வீட்டுப் பாஞ்சாலியை அவள் வாசலில் நின்றே கேட்டேன்.

"உனுக்கு இன்னா ஆயா தெரியும்? தெனிக்கும் சாயந்தரம் அந்தக் குழியில தண்ணி ஊத்துறா. ரூமுல இன்னாடான்னா ஒரு கைய முதுகுக்குப் பின்னாடி வெச்சிகினு, செவப்பா எரியற கண்ணாடிக் குப்பியவே பாத்துகினு நிக்கிறா. அதுக்குப் பேரு இன்னா?"

"வேலைன்னு பேரு. உன் வூட்டுல எவனாவது செஞ்சாத்தானே உனுக்குத் தெரியும்."

சங்கரன்கோவில் பக்கத்துப் பெண் தங்கமாரி. என் வீட்டுப் பின்னறையில் இரண்டு வருஷம் வாடகைக்கு இருந்தாள். ஒரகடத்தில் டிரான்ஸ்பார்மர் சுற்றும் கம்பெனியில் லைன் வேலை. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குவாள், சோறு வைப்பாள், பிறகு அந்தத் தகரப் பெட்டியின் முன்னால் உட்காருவாள். அது பாட்டுப் பெட்டி. பழைய மைக் செட்டில் இருக்குமே வால்வு, கண்ணாடிக் குப்பி, அது போட்டது. வால்வுக்கு ஏற்ற டிரான்ஸ்பார்மர் கடையில் யானை விலை. அதனால் சுங்குவார்சத்திரம் காயலாங்கடையில் எடைக்குப் போட்ட சின்ன டிரான்ஸ்பார்மர்களை வாங்கி வருவாள். ஒவ்வொன்றையும் ஒரு குண்டு பல்பைச் சேர்த்துச் சோதிப்பாள். பல்பு எரியக்கூடாத இடத்தில் எரிந்தால் உள்ளே கம்பி இரும்பைத் தொடுகிறது என்று அர்த்தம். தூக்கி எறிந்துவிடுவாள். பத்தில் ஆறு போய்விடும்.

மிஞ்சியதில் இரண்டை முகத்துக்கு முகம் வைத்தாள். முதலாவது கரண்டை இறக்கும், இரண்டாவது திரும்ப ஏற்றும்.

"ஏத்துறதுக்கு எதுக்குடி எறக்குற? நேரா எடுத்துக்கினு போயேன்" என்றேன்.

"நேரா எடுத்தா லைன் கரண்டு அப்படியே பொட்டிக்குள்ள வந்துரும் ஆச்சி. இப்ப நடுவுல சுவரு இருக்கு. கம்பிக்கும் கம்பிக்கும் ஒட்டு இல்ல. அதுவும் தப்பிச்சு தகரத்துக்கு வந்தா மண்ணுக்குள்ள போறதுக்குத்தான் எர்த் குழி. மண்ணு காஞ்சா போகாது. அதான் உப்பு, கரி, தண்ணி."

"கைய ஏன் பின்னாடி வெச்சிக்கிற?"

"ரெண்டு கையும் உள்ள இருந்தா நெஞ்சு வழியா பாயும்."

கைநாட்டுக்காரி எனக்கே புரிந்தது. பாஞ்சாலி எட்டாவது படித்தவள்.

பெட்டி அவள் அண்ணன் கொம்பையாவுடையது. ஊரில் மைக் செட் வைத்திருந்தவன். சுவரும் இல்லை, குழியும் இல்லை. கோயில் கொடைத் திருவிழாவில் பெட்டியைத் தொட்ட கையை அவனால் எடுக்க முடியவில்லை. மோர் சோறு சாப்பிட்டுக்கொண்டேதான் இதைச் சொன்னாள். சொல்லிவிட்டு, "ஊறுகாய் இருக்கா ஆச்சி?" என்று கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன்.

அவள் வந்த இரண்டாம் வருஷம் தை மாதம் பாஞ்சாலியின் மருமகளுக்கு வயிற்றில் இருந்தது கலைந்தது. மூன்றாவது தடவை. முதல் இரண்டும் கலைந்தபோது தங்கமாரி இந்தப் பக்கம் பஸ்ஸே ஏறவில்லை. அதைச் சொன்னால் யார் கேட்கிறார்கள்? குழிதான் காரணம், அவளைக் காலி பண்ணச் சொல் என்று தெரு முழுக்கப் பேச்சு. ஒரு மாதம் நான் ஒருத்தியாகவே எல்லோரிடமும் மல்லுக்கு நின்றேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தங்கமாரி ஷிப்டுக்குப் போயிருந்த நேரம், பாஞ்சாலி இரண்டு ஆட்களையும் கடப்பாரையையும் கூட்டிக்கொண்டு வந்தாள். என் மகன் கோபால் அவர்களை உள்ளே விட்டான்.

"ரத்னா முழுகாம கீறாம்மா. நமக்கு எதுக்கு வம்பு?" என்றான். ரத்னா அவன் பெண்டாட்டி. நான்காம் மாதம்.

வீட்டுப் பத்திரத்தில் இருப்பது என் கைநாட்டு. வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் கடப்பாரை நின்றிருக்கும். செய்வினை என்று நான் நம்பினேனா? இல்லை. அன்றைக்கும் இல்லை. ஆனாலும் வாய் திறக்கவில்லை. கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன், நறுக்கிக்கொண்டே இருந்தேன். குழியில் அவள் நட்டிருந்த இரும்புக் குழாய் வெளியே வந்தது. அதிலிருந்து அறை பிளக்குக்குப் போன கம்பியை அறுத்தார்கள். கரியும் உப்பும் தவிர ஒன்றும் இல்லை. அதையே பார்த்து, "பாத்தியா, பாத்தியா" என்றாள் பாஞ்சாலி.

மத்தியானம் தங்கமாரி வந்தாள். குழியைப் பார்த்தாள். அறுந்த கம்பியின் நுனியைக் கையில் எடுத்து, கீழே விட்டாள்.

"நீங்க இருந்தீகளா ஆச்சி?"

"இருந்தேன்."

அவள் அழுதிருந்தால் நானும் அழுதிருப்பேனோ என்னவோ. இருவருக்கும் ஒன்றும் வரவில்லை.

"மாசம் முடியட்டும், அப்பறம் போயேன்" என்றான் கோபால். அவள் துணியை ஒரு பையில் போட்டாள். பெட்டியைப் போர்வையில் சுற்றினாள். சுங்குவார்சத்திரத்தில் லைன் பெண்கள் நாலு பேர் இருக்கும் அறையில் இடம் கிடைக்கும் என்றாள். இரு என்று நான் சொல்லவில்லை. அதையும் எழுதிக்கொள்.

நிலைப்படியில் நின்று திரும்பினாள்.

"இனி அந்த ரூமுக்கு யாரும் வந்தா, பிளக்குல எர்த்து இல்லன்னு சொல்லிருங்க ஆச்சி. மூணு ஓட்டையும் இருக்கும், பாத்தா தெரியாது."

சரி என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு, பெட்டியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, படி இறங்கிப் போனாள்.