ஃப்ளெக்ஸில் முப்பது, கையில் பதின்மூன்று

ஹைதராபாத் பாலாநகர் தொழிற்சாலையில் எச்.ஆர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், கொண்டாப்பூர் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் பிளேஸ்மெண்ட் அதிகாரியாகச் சேர்ந்தேன். முதல் நாளே வாசலில் ரகளை. அட்மிஷன் நேரம். கேட்டுக்கு மேலே, வேலை கிடைத்தவர்களின் படங்கள் போட்ட ஃப்ளெக்ஸ். அதில் சிரித்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தியே கீழே நின்று, உள்ளே வரும் பெற்றோரை மறித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

பெயர் ஸ்டெல்லா. மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ் தமிழ்க் குடும்பம். ஏர்போர்ட் மேனேஜ்மெண்ட் டிப்ளமோ முடித்தவள். படத்தின் கீழே ‘மாதம் முப்பதாயிரம்’ என்று போட்டிருந்தது.

எம்.டி.யும் தமிழர்தான். என்னைக் கூப்பிட்டார். “சார், போட்டோவை எடுத்துடறோம்னு சொல்லி அவளை அனுப்பிடுங்க.”

போய்ச் சொன்னேன்.

“நக்கோ சார், எடுக்க வேணாம். என் மூஞ்சி அங்கேயே இருக்கட்டும். சம்பளத்தை மட்டும் மாத்துங்க. நான் வாங்குறது பதிமூணு. அதுவும் ஏர்போர்ட்ல இல்ல, மால்ல பில்லிங் கவுண்டர்ல. ஏர்போர்ட் கான்ட்ராக்டர் மூணே மாசத்துல அனுப்பிட்டான்.”

அவளுக்கு வேலை தேடித் தர வேண்டிய கல்லூரி அது. அவள் முகத்தை எடுத்துக்கொள்ளத் தெரிந்த ஒருவனுக்கும் அவள் என்ன ஆனாள் என்று கேட்கத் தெரியவில்லை. நல்ல பிழைப்பு!

அப்போது ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ரிட்டயர் ஆன ஒருவர் மகளோடு வந்தார். அதே கோர்ஸுக்கு பி.எஃப். பணத்தைக் கட்ட செக் எழுதிக் கொண்டுவந்திருந்தார். ஸ்டெல்லாவைப் பார்த்தார், ஃப்ளெக்ஸைப் பார்த்தார்.

“நீ எவ்வளவு கட்டினேம்மா?”

“நாலு லட்சம் அங்கிள். எங்கண்ணன் இன்னும் லோன் கட்டிட்டிருக்கான்.”

எம்.டி. வெளியே ஓடிவந்தார். பெரியவர் நிதானமாகக் கேட்டார்: “சார், இதுல இருக்கிற மத்த புள்ளைங்க நம்பர் குடுங்க. பேசிட்டு கட்டறேன்.”

“அதெல்லாம் பிரைவசி சார். தர முடியாது.”

“என் மூஞ்சியை கேட்ல மாட்டும்போது பிரைவசி எங்க போச்சு?” என்றாள் ஸ்டெல்லா.

கேட்டில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். பெரியவர் செக்கை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மகளைக் கூட்டிக்கொண்டு திரும்பினார். அவர் பின்னாலேயே இன்னும் சில குடும்பங்கள் போயின.

எம்.டி. என்மேல் பாய்ந்தார். நானும் விடவில்லை. “முடித்த பிள்ளைகளுக்கு நானே போன் போடுகிறேன். கட்டணம் இவ்வளவு, ஒரு வருடம் கழித்துக் கையில் வாங்குவது இவ்வளவு என்று போர்டு வைப்போம். இல்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள்” என்றேன். சீட் நிரம்பாதோ என்ற பயத்தில்தான் ஒப்புக்கொண்டார், நியாயத்துக்காக இல்லை. போர்டு வந்தது. அடுத்த வருடம் அந்தக் கோர்ஸின் கட்டணம் பாதியானது.

பணம் கட்டப்போகிறவர்களே, ஆஃபர் லெட்டரைப் பார்த்து வாய் பிளக்காதீர்கள். ஒரு வருடம் கழித்து என்ன சம்பளம் என்று கேளுங்கள். பதில் சொல்லாத கல்லூரிக்குள் காலை வைக்காதீர்கள். ஸ்டெல்லாவுக்கு யாரும் சம்பளம் கொடுத்து அந்த வாசலில் நிற்கச் சொல்லவில்லை. லீவு போட்டுவிட்டு வந்து நின்றாள்.

போர்டு வைத்த சில மாதத்தில் அவளிடமிருந்து போன் வந்தது. “சார், எனக்கு இப்ப பதினாலு. போர்டுல அதையும் திருத்திடுங்க. பொய் யாரு சொன்னாலும் பொய்தானே?”