அடுத்தவர் வாக்கியம்

"இன்னிக்குச் சாயங்காலம் நான்..." என்று கணவர் ஆரம்பிப்பதற்குள், "...வர லேட்டாகும், சாப்பாட்டை மூடி வை. அதானே?" என்று முடித்துவைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொள்கிறார் அந்த அம்மாள். ஒரு வாக்கியத்தைச் சொந்தமாக முடித்துக்கொள்ளும் பாக்கியம் அந்த வீட்டில் யாருக்கும் கிடையாது. "எனக்கும் சேர்த்து நீயே பேசிடும்மா, என் வாய்க்கு ரெஸ்ட்" என்பார் கணவர்.

அம்மாளைக் குறை சொல்லக் கூடாது. இது தொழில் வியாதி. மாநாட்டு மண்டபத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, காதில் ஒரு பாஷையை வாங்கி வாயில் வேறொன்றாக விடும் மொழிபெயர்ப்பாளர் அவர். பேசுகிறவர் 'நான்' என்றால் இவரும் 'நான்'தான். காலையில் காய் நறுக்கிய கையோடு வந்து, பத்து மணிக்கெல்லாம் பீரங்கி வியாபாரியாகிவிடுவார்.

இப்போதைய மாநாடு, பற்றியெரியும் ஒரு பிரதேசத்துக்கு இனி ஆயுதம் விற்பதில்லை என்று, விற்கும் நாடுகளெல்லாம் சேர்ந்து சத்தியம் செய்வதற்கானது. சத்தியத்துக்கு எல்லோரும் தயார். பக்கத்து நாற்காலிக்காரர் முதலில் செய்யட்டும் என்பதில்தான் பிடிவாதம். ஒருவழியாக எல்லோரும் இறங்கிவந்து, ஒரே ஒரு நாட்டின் பிரதிநிதி பாக்கி. 'ஒப்புக்கொண்ட சரக்கு போய்ச் சேர்ந்த பிறகு' என்பது அவருடைய பல்லவி. அந்தச் சரக்கு போய்ச் சேரும் ஊரில்தான் அம்மாளின் தம்பி ஆம்புலன்ஸ் ஓட்டுகிறான்.

"அக்கா, உங்க ஆளு எழுந்துட்டாரு" என்றாள் கூண்டில் பக்கத்தில் இருந்த இளைய சகா.

"எழுந்து என்னடி பண்ணப் போறாரு? அதே பாட்டுதான். எனக்கு மனப்பாடம்."

பிரதிநிதி தொண்டையைச் செருமினார். "எங்கள் அரசு விற்பனையை நிறுத்துகிறது..." அம்மாள் வழக்கம்போல் இரண்டடி முன்னால் ஓடினார்: "...ஒப்புக்கொண்ட சரக்கு போய்ச் சேர்ந்த பிறகு."

மண்டபத்தில் கோப்புகள் படபடவென்று மூடின. வேறொரு நாட்டுக்காரர் வெளியேற எழுந்தேவிட்டார்.

சகா பாய்ந்து மைக்கை அணைத்தாள். "ஐயோ அக்கா! இன்னிக்கே நிறுத்துறோம்னாரு! கிளம்ப இருந்த சரக்கையும் சேர்த்து!"

இந்தத் தொழிலில் தவறியவருக்கு ஒரே வழிதான்: எல்லோர் காதிலும் விழும்படி ஒப்புக்கொள்வது. தொழிலுக்கு வந்த நாளாய் அம்மாள் அதைச் செய்ததில்லை. செய்தவர்களைப் பற்றிக் காப்பி நேரத்தில் விரிவாகப் பேசியது உண்டு.

மைக்கைப் போட்டார்.

"மொழிபெயர்ப்பாளரின் திருத்தம். பிரதிநிதி சொன்னது: இன்றே நிறுத்துகிறோம். கிளம்பவிருந்த சரக்கும் போகாது."

வெளியேற எழுந்தவர் உட்கார்ந்தார். எங்கோ ஒருவர் கைதட்ட ஆரம்பித்தார். தன் பேச்சு இத்தனை கலக்கம் உண்டாக்கியதில் கொஞ்சம் பெருமையோடு பிரதிநிதி தண்ணீர் குடித்தார்.

அம்மாள் மைக்கைச் சகாவின் பக்கம் தள்ளினார். கைப்பைக்குள் துழாவி ஓர் இருமல் மிட்டாயை எடுத்து, காகிதத்தைப் பிரிக்காமலே வாயில் போட்டுக்கொண்டார்.