ஜிலேபி மீனின் முள்

என் கணவர் பரோட்டா மாஸ்டர். குற்றாலம் சீசனில் செங்கோட்டை ரோட்டுக் கடையில் அவர் மாவை வீசி அடித்தால்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கும். போன வருஷம் சீசனுக்கு முன்னால், என் தம்பி குத்தகைக்கு எடுத்திருந்த குளத்தில் வலை இழுக்கப் போனார். வலது உள்ளங்கையில் ஜிலேபி மீனின் முதுகுமுள் ஏறிவிட்டது. மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டார். இரண்டே நாளில் கை முழங்கை வரை வீங்கிப்போனது.

தென்காசி ஆஸ்பத்திரியில் ஊசிமேல் ஊசி போட்டார்கள். ஒன்றும் கேட்கவில்லை. சீழைச் சோதித்த டாக்டரம்மா, "எந்த மருந்துக்கும் சாகாத கிருமியா இருக்கு. எந்தத் தண்ணில இறங்குனாரு? அங்கன மீனுக்கு மருந்து ஏதும் போடுதாங்களா?" என்று கேட்டார்.

போடுவது எனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். ஊர்ச் சாக்கடையும் ஆஸ்பத்திரிக் கழிவும் வாய்க்கால் வழியாக அந்தக் குளத்தில்தான் விழுகின்றன. மீன் செத்து மிதக்காமலிருக்க என் தம்பி கோழிப்பண்ணை மருந்தைத் தவிட்டில் குழைத்துப் போடுவான். கோழிக்குக் கேட்பது மீனுக்கும் கேட்கும் என்பது அவன் வைத்தியம்.

"மருந்து போடப் போட, அதுக்குத் தப்பிச்ச கிருமிதான் பெருகும்" என்றார் டாக்டரம்மா. உயிர் வேண்டுமென்றால் கை போகும் என்றும் சொன்னார். மணிக்கட்டுக்கு மேலே எடுத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் என் கணவர் கேட்டது ஒன்றுதான்: "சாரல் விழ ஆரம்பிச்சிட்டா?"

நான் பஸ் ஏறி நேரே குளத்துக்குப் போனேன். தம்பி கரையில் உட்கார்ந்து குற்றாலத்துக் கடைகளுக்கு ஐஸ் பெட்டியில் மீன் அடுக்கிக்கொண்டிருந்தான். பெட்டியை எட்டி உதைத்தேன். மண்வெட்டியை எடுத்து மற்றப் பெட்டிகளை வெட்டிப் பிளந்தேன். உயிர் போகாத மீன்கள் மண்ணில் துள்ளின. அவற்றையும் கொத்தினேன்.

"யக்கா, கிறுக்கா பிடிச்சிருக்கு? ஆஸ்பத்திரித் தண்ணிய நானா திறந்து விட்டேன்?"

"அதுல மருந்தக் கொட்டிக் கிருமி வளத்தது நீதானலே. மனுசன் கைன்னா உனக்கு மயிராலே?"

மண்வெட்டிக் காம்பால் தோளில் அடித்தேன். தடுத்த கையிலும் அடித்தேன். கூடப் பிறந்தவன் என்ற நினைப்பே இல்லை. செத்துத் தொலையட்டும் என்றுதான் அடித்தேன். அவன் திருப்பி அடிக்கவில்லை, எழுந்து ஓடவும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் வெறியை ஏற்றியது.

"ஓடேன்லே" என்று கத்திக்கொண்டு காலைப் பார்த்து ஓங்கினேன்.

அவன் சாரத்தை முழங்காலுக்கு மேலே தூக்கினான். இடது கால் கணுக்காலிலிருந்து வீங்கிக் கறுத்திருந்தது. அதன்மேல் பாலிதீன் பையைச் சுற்றிக் கட்டியிருந்தான்.

"ஓட முடியாதுக்கா. அன்னைக்கு எனக்கும் குத்திட்டு. அத்தான் கைய எடுத்துட்டாங்கன்னு கேட்டதுல இருந்து ஆஸ்பத்திரிக்குப் போகப் பயமா இருக்கு. அந்தக் கோழி மருந்தத்தான் நானும் முழுங்குதேன்."

மண்வெட்டியை எறிந்தேன். அவனை என் தோளில் சாய்த்து ரோட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அவன் உடம்பு காய்ச்சலில் கொதித்தது. ஆட்டோ வரும்வரை அவனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே நின்றேன். நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது.