சோடாக் குழாயின் வளைவு

2004 ஏப்ரலில், மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் திருவிழா சீசனில், விருதுநகரில் நான் நடத்திய சோடாக் கம்பெனியில், காஸ் கலந்த தண்ணீர் ஓடும் எவர்சில்வர் குழாய் ஒழுகியது. புதுக்குழாய் வர நாளாகும் என்றார்கள். சாதாரண இரும்புக் குழாயை மாட்டச் சொன்னேன்.

"காஸ் தண்ணி ஓட ஓட இரும்பை அரிச்சிரும் அண்ணாச்சி" என்றார் ஃபிட்டர்.

"துருப்பிடிக்க மாசக்கணக்காகும்ப்பா. மாட்டு" என்றேன். நான் படித்திருந்ததெல்லாம் தேங்கிய தண்ணீரில் கிடக்கும் இரும்பைப் பற்றித்தான்.

பத்து நாளில் கடைகளிலிருந்து சோடா திரும்பி வந்தது. இரும்பு வாடை, லேசான மஞ்சள். பாட்டில் கழுவும் பெண் சரியாகத் தேய்க்கவில்லை என்று டைரியில் தேதி போட்டு எழுதி, அவரை வேலையை விட்டு நிறுத்தினேன். பட்டாசு வேலையின் வெடி ஆபத்துக்குப் பயந்து எங்களிடம் வந்தவர் அவர்.

அவர் போன பின்னும் வாடை போகவில்லை. குழாயைக் கழற்றினோம். நேரான பகுதி சொரசொரப்பாக இருந்தது. தண்ணீர் வேகமாக மோதித் திரும்பும் வளைவோ குழிகுழியாக அரித்துப் பளபளத்தது. அங்கே கரைந்த இரும்பைத்தான் ஊரே குடித்திருந்தது.

"அப்ப அந்தப் புள்ளைய ஏன் வெரட்டுனீக?" என்றார் ஃபிட்டர்.

மறுநாளே அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். அவர் பட்டாசுக் கம்பெனியில் சேர்ந்து நாலு நாளாகியிருந்தது.

"திரும்ப வா தாயி" என்றேன்.

"அங்கன ஆர்டர் சீசன், விட மாட்டாக அண்ணாச்சி. என்னால உங்களுக்கு எம்புட்டுக் கெட்ட பேரு! நான் இன்னும் அழுத்தித் தேச்சிருக்கணும்."

தவறு குழாயில் என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, "பரவாயில்லை தாயி."