யூஜினாவிடம் காத்திருந்த அஞ்சல்

2024 யூன் 12, புதன்கிழமை. விடிந்தும் கொட்டாஞ்சேனையில் இருள் கலையவில்லை. இரவெல்லாம் பெய்த மழை தூறலாகத் தணிந்திருந்தது. மறுநாள் அந்தோனியார் திருநாள்.

யூஜினா, வெள்ளவத்தையில் உள்ள சிறு நிறுவனம் ஒன்றில் மின்னஞ்சல் சேர்வர்களைக் கவனிப்பவர். எப்போதும் இணையத் தொடர்பில் இராத அலுவலகங்கள் அவருடைய பொறுப்பு. அவற்றுக்கு வரும் அஞ்சல்களை அவருடைய சேர்வர் வாங்கி வரிசையில் வைத்திருக்கும். அலுவலகத்துக் கணினி இணைப்புக்கு வந்து கேட்டவுடன் ஒப்படைக்கும். ஐந்து நாள்களுக்குள் கேட்காவிட்டால், சேர்ப்பிக்க முடியவில்லை என்று அனுப்பியவருக்கே திருப்பிவிடும். அந்த ஏற்பாட்டை அமைத்தவரும் யூஜினாவே.

கப்பல்களுக்கு ஆள் அனுப்பும் கிளெமென்றின் அலுவலகம் அவற்றுள் ஒன்று. ஒருமுறை மின்னல் தாக்கிக் கணினி எரிந்ததிலிருந்து, வானம் முழங்கினாலே அவர் பிளக்குகளைப் பிடுங்கிவிடுவார். திருநாளுக்குப் பூட்டும்போதும் அப்படித்தான். அவரைப் போலவே அந்தோனியார் கோவில் பங்கைச் சேர்ந்த யூஜினா இதை அறிவார். ஆகவே, ஆண்டுதோறும் திருநாளுக்கு முதல்நாள் காலையில் அந்த அலுவலகத்துக்கு மட்டும் தவணையை நீட்டிவைப்பார்.

அன்றும் நீட்டினார். பின்னர் வரிசையைப் பார்த்தார். முந்தின நாள் அங்கே கண்ட ஓர் அஞ்சலைக் காணவில்லை. விடியற்காலையிலேயே அது திரும்பிப் போயிருந்தது.

கிளெமென்றுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"அங்கிள், கடைசியா எப்ப மெசினைப் போட்டனீங்கள்?"

"வியாழக்கிழமை பின்னேரம் இடி இடிச்சதெல்லோ, அண்டைக்குக் கழட்டினது. திருநாளும் வருகுது எண்டு அப்படியே விட்டிட்டன். ஏன் பிள்ளை, அந்தோனியார் மெயில் போட்டவரோ?"

யூஜினா சிரிக்கவில்லை. அஞ்சல் அனுப்பிய கப்பல் நிறுவனத்தின் பெயரைச் சொன்னார்.

"ஐயோ, ரொனியை வரச்சொல்லி அனுப்பிறம் எண்டவங்கள், அந்தக் கடிதம்தான் பிள்ளை."

ரொனி, யூஜினாவின் ஒழுங்கையில் குடியிருப்பவர். இரு பிள்ளைகளின் தந்தை. துறைமுகத்தில் கிடைத்த வேலையைச் செய்துகொண்டு, கப்பலேறும் அழைப்புக்காக நெடுநாளாகக் காத்திருந்தார்.

யூஜினா அந்நிறுவனத்துக்கு உடனே எழுதினார். மாலையில் பதில் வந்தது: அஞ்சல் திரும்பியதால், அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

"நீர் வாயைத் திறவாதையும்," என்றார், அதைக் கேள்விப்பட்ட கிளெமென்ற். "கொம்பனி எடுக்கேல்லை எண்டு நான் சொல்லிவிடுறன். உமக்கும் வேலை போகாது, எனக்கும் பேர் கெடாது."

மறுநாள், அந்தோனியாரின் சுருவத்தைச் சுமந்த பவனி ஒழுங்கையைக் கடந்து போன பின்னும் அணையாத மெழுகுதிரியோடு ரொனி யூஜினாவின் அருகில் வந்து நின்றார்.

"அக்கா, கொம்பனி என்னை எடுக்கேல்லை எண்டு அங்கிள் சொன்னவர். அவற்ற மெயில் எல்லாம் உங்கட மெசினுக்குள்ளாலைதானே வாறது? உண்மையாவே எனக்கு ஒண்டும் வரேல்லையோ?"

"வந்தது, ரொனி. என்ர சேர்வரிலை கிடந்து, உங்களிட்டைச் சேராமலே திரும்பிப் போட்டுது."