அப்பாவின் கை எங்கே?

போன ஞாயிற்றுக்கிழமை காலை, டீயை ஆற்றிக்கொண்டே மெயிலைத் திறந்தேன். என் தங்கை எழுதியிருந்தாள்: 'அப்பா முகம் தெரிகிறது. கை எங்கே? பக்கவாதம் வந்துவிட்டதா? மறைக்காதே. நான் ரயில் ஏறுகிறேன்.'

ரயில் ஏறுகிறாளாம்! பாளையங்கோட்டையிலிருந்து ஹைதராபாத்துக்கு. அவளுக்கு நிறைமாதம். எப்போது வேண்டுமானாலும் வலி எடுக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

தங்கைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவளிடம் நாங்கள் எல்லோரும் கையால்தான் பேசுவோம். அதில் அப்பா கில்லாடி. இதய பைபாஸுக்காக ஹைதராபாத் அல்வாலில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தவர், ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, என் சட்னியைக் குறை சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார். இதை எத்தனை முறை எழுதினாலும் அவள் நம்பவில்லை. 'நீ சொல்லாதே... அப்பா சொல்லட்டும்' என்றாள். நியாயம்தானே?

அவள் ஊர் பிரவுசிங் சென்டரில் வெப்கேம் போட்டால் படம் உறைந்து நின்றுவிடுகிறது. அதனால் அப்பா பேசுவதை கேமராவில் எடுத்து மெயிலில் அனுப்பியிருந்தோம். பெரிய ஃபைலை மெயில் ஏற்காது, சுருக்க வேண்டும். சுருக்குகிற என்கோடரில் 'பிட் ரேட்' என்று ஒன்று இருக்கிறது — ஒரு வினாடிப் படத்துக்கு இவ்வளவு டேட்டாதான் என்கிற ரேஷன். அதைப் பங்கு போட்டவர் என் கணவர் சேகர். பக்கத்துத் திருமுல்கேரியிலேயே பிறந்து வளர்ந்த ஆசாமி, பேச்சில் ஹைதராபாத் உருது கலந்திருக்கும். கம்ப்யூட்டர் விஷயத்தில் அவர் வைத்ததுதான் வீட்டில் சட்டம்.

"ஹவ், ஃபேஸ் எவ்ளோ ஷார்ப்பா இருக்கு பாரு! இன்னும் என்ன வேணுமாம் உன் தங்கச்சிக்கு?"

ஷார்ப்தான். மீசை முடியை எண்ணிவிடலாம். படம் பெரிதாக, பளிச்சென்று இருக்க வேண்டும் என்பதற்காக மனிதர், வினாடிக்கு இத்தனை என்று ஓடுகிற ஃப்ரேம்களில் முக்கால்வாசியை வெட்டியிருந்தார். ஆடாத மூக்குக்கு ராஜ உபசாரம், ஆடுகிற கைக்குப் பட்டினி! கை இருக்க வேண்டிய இடத்தில் சதுரம் சதுரமாக என்னவோ தெரிந்தது. அவள் பயந்ததில் என்ன தப்பு?

'மதியம் வரை பொறு. ரயில் ஏறினால் உன்னோடு பேச்சே கிடையாது' என்று எஸ்எம்எஸ் அனுப்பிவிட்டு, சேகரை நாற்காலியிலிருந்து எழுப்பினேன். இன்றைக்கு இதை முடிக்காமல் விடுவதில்லை.

படத்தின் அளவைப் பாதியாக்கினேன். வெட்டிய ஃப்ரேம்களைத் திரும்பக் கொடுத்தேன். விரல்கள் தலைகாட்டின. ஆனால், அப்பா வேகம் பிடித்தால் கரைந்தன. ஏன்? அவருக்குப் பின்னால் பூப்போட்ட கர்ட்டன் ஃபேன் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பூவும் ரேஷனில் பங்கு கேட்கிறது!

"நக்கோ நக்கோ, கர்ட்டனைக் கழட்டாதே. பேக்ரவுண்ட் அசிங்கமா இருக்கும்."

"இருக்கட்டும். அவ கர்ட்டனையா பாக்கப் போறா?"

அப்பாவை வெறும் சுவர் முன்னால் உட்கார வைத்து மறுபடி எடுத்தேன். "ஏட்டி, எத்தன தடவதான் ஒரே கதைய சொல்லுதது?" என்று வாயால் அலுத்துக்கொண்டே கையால் சொல்லி முடித்தார்.

இப்போது விரல்நுனியில் மட்டும் லேசாக மங்கல். இன்னும் யார் தின்கிறார்கள்? செட்டிங்ஸை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன்... ஆடியோ!

அப்பாவின் அலுப்பு, ஃபேன் சத்தம், தெருவில் போகிற காய்கறிக்காரர் குரல் — இத்தனையையும் உயர்ந்த தரத்தில், காது கேட்காத தங்கைக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம்! சேகர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இருவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

அன்பிலும் நாம் இப்படித்தானே? நமக்கு எது பிடிக்குமோ அதையே அடுத்தவருக்கும் வாரி வாரிக் கொடுக்கிறோம். அவருக்கு வேண்டியது என்னவென்று கேட்பதில்லை.

ஆடியோவை ஒரேயடியாக அணைத்தேன். அந்தப் பங்கும் கைக்கே போனது. அனுப்பிவிட்டு, மதியம் சாப்பாடு இறங்காமல் கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். பதில் வந்தது. படித்ததும் அழுகை வந்துவிட்டது... கடைசி வரியில் அதுவும் நின்றுவிட்டது.

'முகம் மங்கல். பரவாயில்லை. இப்போதுதான் அப்பா குரல் தெளிவாகக் கேட்கிறது. ரயில் ஏறவில்லை. ஆமாம், உன் சட்னி அவ்வளவு மோசமா?'